கண்மாயும் களஞ்சியமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாது கூடிவரும் இந்த அவையில் பேச எனக்கு வாய்ப்பளித்ததோடு, தலைப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே விட்டுவிட்டீர்கள். தமிழாசிரியை ஆதலால் சங்கப் பாடல்களைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ நம் மதுரைச் சீமையின் கண்மாய்களைப் பற்றியும், அவற்றைக் காக்க முன்வந்த எளிய மக்களின் அமைப்புகளைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இலக்கிய அவையில் இஃது எதற்கு என்னும் ஐயம் எழக்கூடும். உரை முடிவதற்குள் அந்த ஐயம் தீரும் என நம்புகிறேன்.

சென்ற பருவத்தில் முதுகலை வகுப்பில் ஒரு கல்வெட்டுப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். ‘கலிங்கு’ என்னும் சொல் வந்தது. பொருள் கேட்டேன். அகராதி பார்த்து வந்திருந்த ஒரு மாணவி, ‘நீர் வெளியேறும் வழி’ என்றாள். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மற்றொரு மாணவி எழுந்து, ‘எங்க ஊர்ல கலுங்குன்னு சொல்லுவோம் அம்மா. கலுங்கு பாய்ஞ்சாத்தான் அடுத்த ஊர்க் கம்மாய்க்குத் தண்ணி போகும். அன்னைக்கு எங்க அப்பத்தா பொங்கல் வைக்கும்’ என்றாள். முன்னவள் சொன்னது சொற்பொருள். பின்னவள் சொன்னதில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள உறவு இருந்தது. மழைக்கும் சடங்குக்கும் உள்ள தொடர்பு இருந்தது. அன்று முதல் என் மனத்தில் ஒரு வினா நின்றுவிட்டது. அப்பத்தாவுக்குப் பின் அந்தச் சொல்லை யார் வைத்திருப்பார்?

சொல்லும் தொழிலும்

மதுரைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 85 செ.மீ. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகையோ வற்றாத ஆறன்று. இத்தகைய நிலத்தில் வேளாண்மை செய்ய நம் முன்னோர் கண்ட வழிதான் கண்மாய். சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் ஒரு கரை. நீரைக் கொண்டுவர வரத்துக்கால். தேங்கும் பரப்பு உள்வாய். வயலுக்கு நீர்விட மடை. மிகுந்த நீர் வழிந்தோடக் கலுங்கு. வழிந்த நீரை அடுத்த கண்மாய்க்குக் கொண்டுசெல்ல மறுகால். இவ்வாறு ஒன்றன் எச்சம் மற்றொன்றின் வரவாக, கண்மாய்கள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டிருக்கின்றன. தமிழகம் முழுவதும் இத்தகைய ஏரி, கண்மாய்கள் ஏறத்தாழ 39,000 உள்ளன என்பது அரசுக் கணக்கு.

இச்சொற்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஆளும் ஒரு கூலியும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மடையைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறைவைத்து நீர் பாய்ச்சியவர் நீர்பாய்ச்சி; சில ஊர்களில் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்றும் அழைக்கப்பட்டார். அறுவடையின்போது களத்திலேயே அவருக்குரிய நெல்லை அளந்துவிடுவார்கள். களத்தில் ஊர்ப் பணியாளர் பெற்ற அந்தப் பங்குக்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர் வழங்கிற்று. விடுதலை என்னும் பொருளில் மட்டும் இன்று நாம் வழங்கும் சொல், ஒரு காலத்தில் நெற்களத்தில் ஒருவருக்கு உரிமையாகக் கிடைத்த மரக்கால் நெல்லையும் குறித்தது. அந்த நெல் நின்றபின் நீர்பாய்ச்சியின் மகன் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலை தேடிச் சென்றான். மடை துருப்பிடித்தது. சொல் அகராதிக்குள் சென்று படுத்துக்கொண்டது.

புலவன் சொன்னதும் சொல்லாததும்

நீரைப் பாடிய புலவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் குடபுலவியனார். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி அவர் பாடிய பாடல் புறநானூற்றில் 18-ஆவதாக உள்ளது. மறுமைச் செல்வம் வேண்டினாலும், உலகை ஆளும் வலிமை வேண்டினாலும், நிலைத்த புகழ் வேண்டினாலும், நிலம் பள்ளமாகச் சரியும் இடங்களிலெல்லாம் நீரைத் தேக்கு என்று போரில் வென்று திரும்பிய மன்னனிடம் அறிவுறுத்துகிறார். இந்த மதுரை மண்ணில், ஒரு பாண்டியனிடம், ஒரு கவிஞர் வைத்த பொருளாதாரத் திட்டம் என்று அதனைக் கூறலாம்.

ஆயினும் ஒன்றை நாம் நேர்மையோடு எண்ணிப்பார்க்க வேண்டும். தேக்கியபின் அந்த நீர் யாருக்கு? கரையை ஆண்டுதோறும் யார் கட்டுவார்? பாடலின் நோக்கம் அதுவன்று. ஆகவே புலவரைக் குறைகூற இயலாது. ஆனால் பழம்பெருமை பேசும் நம் மேடைகள் அவ்வினாவைத் தொடர்ந்து தவிர்த்துவருகின்றன. வடக்கே உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. குடவோலை முறை என்று நாம் வகுப்பில் பெருமிதத்தோடு நடத்துவது அதுவே. அவ்வாரியத்தில் இடம்பெற வரி செலுத்தும் நிலம் கால்வேலியேனும் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், மறையோதியிருக்க வேண்டும். மண் சுமந்தவர்க்கு அங்கே ஓலை இல்லை. பெண்ணுக்கும் இல்லை.

குடிமராமத்தைப் பற்றியும் இவ்வாறே பேசலாம். ஊரார் கூடி வாய்க்கால் வெட்டிக் கரை உயர்த்திய அந்த மரபு போற்றத்தக்கதே. ஆனால் 1858-இல் ஆங்கில அரசு அதனைச் சட்டமாக்கியபோது அதற்கு இட்ட பெயர் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கடமை மக்களிடம் விடப்பட்டது. நீருக்கான வரி கருவூலத்துக்குச் சென்றது. கண்மாய்ப் பராமரிப்புக்கென்று விடப்பட்டிருந்த மானிய நிலங்களும் மெல்ல மெல்லக் கைமாறின. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைத்தால் எந்தக் கடமை நிற்கும்?

என் உரையின் உட்கிடை இதுதான்: கண்மாயின் வருவாயும் கண்மாயின் உழைப்பும் ஒரே கைகளில் இருக்கும்வரை கண்மாய் வாழும், இரண்டும் பிரிந்தால் அழியும். அந்தக் கைகள் நிலமுடையோரின் கைகளாக மட்டும் இருந்தால், அது வாழ்ந்தும் ஊருக்கு முழுமையாகப் பயன்படாது.

பிரிந்த கதை

கண்மாய்க்கு வருவாயா என்று நகரத்து நண்பர்கள் கேட்கக்கூடும். மீன்பாசி ஏலம் உண்டு. கரையிலும் உள்வாயிலும் நிற்கும் கருவேல மரங்களின் ஏலம் உண்டு. கரைப் புளியமரத்து மகசூல் உண்டு. கோடையில் வெட்டி எடுக்கும் வண்டலை நம் பக்கத்தில் கரம்பை என்கிறோம். அஃது உரச்செலவைக் குறைக்கும். தூர் வாரிய கண்மாயில் நீர் நின்றால் சுற்றுவட்டக் கிணறுகள் ஊறும். கிணறு ஊறினால் மல்லிகைத் தோட்டம் பிழைக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லியின் மணத்தில் கண்மாய் நீரின் பங்கும் உண்டு. அந்தப் பூவைப் பறிப்பவரும் தொடுப்பவரும் பெரும்பாலும் பெண்கள். ஆகவே மேட்டூரில் கலுங்கு பாய்ந்தால் பள்ளத்தூரில் ஒரு பெண்ணின் மடியில் நாலு காசு சேரும். இதைத்தான் உள்ளூர்ப் பொருளாதாரம் என்று கூறுகிறோம்.

இந்த வருவாய்கள் ஒவ்வொன்றாக ஊரின் கையைவிட்டு நழுவின. பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் பொதுப்பணித் துறைக்கு. சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மீன் ஒருவர் கணக்கில், மரம் மற்றொருவர் கணக்கில். 1981-இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் கருவேலம் விதைக்கப்பட்டது. ஊராட்சிக்குப் பணம் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பணம் மீண்டும் கரைக்கு வரவேண்டும் என்னும் கட்டு இல்லை. சீமைக் கருவேலமோ எவரும் விதைக்காமலே பரவிற்று.

நகருக்குள் நிகழ்ந்தது இதனினும் விரைவானது. தல்லாகுளம், சொக்கிகுளம், பீ.பி.குளம் என்று முகவரியில் குளத்தை எழுதுகிறோம். தெருவில் குளம் இல்லை. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் நிலத்தில் எழுந்தது. நீர்நிலைகளைக் காக்கும் ஆணைகள் அந்த வளாகத்திலிருந்தே பிறக்கின்றன என்பது காலத்தின் முரண். 2024 அக்டோபர் 25-ஆம் நாள் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்கள் மூழ்கியதை நாம் அனைவரும் கண்டோம். நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. நாம்தான் மறந்தோம்.

இரண்டு பெயர்கள்

இந்த இருளில், மதுரையிலிருந்தே சில முயற்சிகள் தொடங்கின. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘களஞ்சியம்’ என்னும் பெயரில் மகளிர் சேமிப்புக் குழுக்கள் மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூர்களில் உருவாயின. 1992-இல் ‘வயலகம்’ என்னும் பெயரில் கண்மாய்ப் பாசன உழவர் அமைப்புகள் தோன்றின. முதலில் பிரதான் என்னும் நிறுவனத்தின் கீழ் நடந்த இப்பணிகளை, 1997-இல் மதுரையில் நிறுவப்பட்ட தானம் அறக்கட்டளை ஏற்று விரிவாக்கியது. பெயர்களைக் கவனியுங்கள். திட்டங்களுக்கெல்லாம் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களே சூட்டப்படும் காலத்தில், ஊர்ப்பெண்கள் தாமே உச்சரிக்கக்கூடிய இரு தமிழ்ச் சொற்கள் கிடைத்தன. சொல் தன்னுடையதாக இருந்தால், சொத்தும் தன்னுடையது என்னும் எண்ணம் வருவது எளிது.

வயலகத்தின் முறை எளிமையானது. ஒரு கண்மாயின் ஆயக்கட்டு உழவர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துகொள்வர். எந்த வேலையை முதலில் செய்வது என்று அவர்களே கூடித் தீர்மானிப்பர். செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தாமே தருவர். பின்னர் ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்களின் சங்கங்கள் கூட்டமைப்பாக இணையும். மேல்கண்மாய்க்காரர் கலுங்கில் பலகை வைத்துத் தடுத்தால் கீழ்க்கண்மாய் காயும் என்பது பழைய பகை. அந்தப் பகையைத் தீர்க்க ஒரே திண்ணையில் உட்கார இடம் தேவைப்பட்டது; கூட்டமைப்பு அந்தத் திண்ணையாயிற்று.

களஞ்சியம் வேறு முனையிலிருந்து தொடங்கியது. நிலமில்லாத கூலிப்பெண்கள் சிறுசிறு தொகை சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, கந்துவட்டியிலிருந்து விடுபட்டனர். 1992-இல் நபார்டு வங்கி, தன்னுதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாட்டளவில் தொடங்கியபின் இத்தகைய குழுக்களுக்கு வங்கியின் வாசலும் திறந்தது. அழகர்கோவில் அருகே பில்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையார், எழுதப் படிக்கக் கற்காத விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியத் தலைவியாக அவர் ஆற்றிய பணிக்கு 1999-ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருது வழங்கப்பட்டபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. நாம் அந்த நிழற்படத்தை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் ஊர்ப்பெண்கள் வாரந்தோறும் கூடி வரவு செலவை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்த அந்த மாலைப்பொழுதுகளை நம்மில் யாரேனும் பாடியிருக்கிறோமா?

தூர் வாரினால் போதுமா?

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. செலவில் 10 விழுக்காடு பயனாளிகளின் பங்கு என்று வகுக்கப்பட்டது. அதே ஆண்டில் உழவர்கள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. இவை வரவேற்கத்தக்கன. எனினும் இயந்திரம் வந்து மண்ணை அள்ளிச் சென்றபின் கண்மாய் யாருடையது என்னும் வினா அப்படியே நிற்கிறது. கரை உயர்ந்திருக்கலாம், நீர்பாய்ச்சிக்கு நெல் அளப்பார் உண்டா? மீன்பாசிப் பணத்தில் ஒரு பங்காவது மடைப்பலகைக்கு வருகிறதா? வரவில்லையெனில் சில ஆண்டுகளில் மீண்டும் தூர் மேடிடும். மீண்டும் ஒரு திட்டம் வரும்.

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்வதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் சங்கங்களில் நிலமுடையோரே உறுப்பினர். ஆயக்கட்டில் நிலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கிறது. கண்மாயில் ஆடுமாடு நீர்காட்டுபவளும், விறகு பொறுக்குபவளும், களையெடுக்க வயலில் இறங்குபவளும் கண்மாயின் பயனாளிகள் அல்லர் என்று காகிதம் சொல்கிறது. உத்திரமேரூர் ஓலைக்குடத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளில் நாம் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம்? என் கருத்தில், வயலகமும் களஞ்சியமும் ஒரே ஊரில் அருகருகே நிற்க வேண்டியதன் தேவை இதுதான். நிலமுடையவன் கரையைக் காக்க, நிலமற்றவள் அதன் வருவாயில் பங்குபெற்றுக் கணக்கையும் காக்க வேண்டும். ஊர்ப்பொது என்னும் சொல்லுக்கு அப்போதுதான் பொருள் நிறையும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ‘பங்கு கேட்பவர் பெருகினால் சண்டையும் பெருகும், மடை முறையைப் பலர் கூடித் தீர்மானிக்க முடியாது’ என்று அனுபவம் மிக்க பெரியவர்கள் கூறுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மடை முறையை வயலுக்குரியவரே வகுக்கட்டும். மீன், மரம், வண்டல் ஆகியவற்றின் கணக்கு ஊர் அனைத்துக்கும் உரியது. மேலூர்ப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில், கோடையில் நீர் வற்றும்போது சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் கண்மாயில் இறங்கி ஊத்தாவும் கச்சாவும் கொண்டு மீன் பிடிக்கும் திருவிழா இன்றும் நடக்கிறது. ஏலத்தொகை வேண்டாம், எல்லார் வீட்டிலும் ஒரு நாள் மீன்குழம்பு மணக்கட்டும் என்று முடிவுசெய்த ஊர்கள் அவை. பொதுவுடைமையை விளக்க அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

மக்கள் தமது என்று கருதும் ஒன்றை எப்படிக் காப்பர் என்பதற்கு அண்மைச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.42 எக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு மலைகளும், அவற்றில் பெய்யும் மழையைத் தாங்கும் 72 ஏரிகளும், 200 சுனைகளும் அங்கே உள்ளன என்று அரசு அறிவித்தது. ஈராண்டு கழிந்து 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய 20 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன. 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாக வந்தனர். அம்மாதமே ஏலத்தை நடுவணரசு கைவிட்டது.

அந்தப் பேரணியில் வந்தவர்கள் சுற்றுச்சூழல் நூல்களைப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்லர். மலையில் பெய்யும் மழை எந்தச் சுனையில் ஊறி, எந்தக் கண்மாயில் இறங்கி, யார் வயலில் நெல்லாகிறது என்பதை அறிந்தவர்கள். வயிற்றுப்பாடும் சுற்றுச்சூழலும் அவர்களுக்கு இரு தனிப் பாடங்களாக இருந்ததில்லை. நாம்தான் அவற்றை வெவ்வேறு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

நம் பங்கு

கவிஞர் பெருமக்களே! கண்மாய் நம் கவிதைகளில் நிறையவே வருகிறது. வற்றிய கண்மாய், பாலம்பாலமாய் வெடித்த கண்மாய், காதலி குளித்த கண்மாய் எனப் பலவாறாக வருகிறது. ஆனால் ஏலம் நடந்த கண்மாய் வருவதில்லை. மடைமுறைக்காகச் சகோதரர் வெட்டிக்கொண்ட கண்மாய் வருவதில்லை. சிலர் மட்டும் இறங்கிக் குளிக்கத் தடுக்கப்பட்ட படித்துறையும் வருவதில்லை. ஏக்கத்தை எழுதுவது எளிது; கணக்கை எழுதுவது கடினம். குடபுலவியனார் மன்னன் முகத்துக்கு எதிரே நின்று கணக்கைத்தான் சொன்னார்.

நம் வட்டத்துக்கு ஒரு சிறு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். பதினோராம் ஆண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு அருகிலுள்ள ஒரு கண்மாயைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் பெயர், அதன் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மறுகால் எங்கே செல்கிறது, மடைகளுக்குத் தனிப்பெயர் உண்டா, கடைசி நீர்பாய்ச்சி யார், அவருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள், மீன்பாசி யாருக்குச் செல்கிறது என்பனவற்றை ஊர்ப் பெரியவரிடமும் பெரியவளிடமும் கேட்டு எழுதிவாருங்கள். பெண்களிடம் கேட்க மறவாதீர்கள். அவர்கள் சொல்லும் சொற்கள் வேறாக இருக்கும். திங்கட் கூட்டத்தில் கவிதை வாசிப்பதற்கு முன் ஒரு கண்மாயின் கணக்கை வாசிப்போம். எழுதியதை அந்த ஊர்க் கிராமசபைக்கும் ஒரு படி கொடுப்போம். பட்டா மாறிய நிலத்துக்கும் மூடிய வாய்க்காலுக்கும் எதிராக ஒரு நாள் அந்த ஊரார் வழக்காடும்போது, நாம் எழுதிய பெயர்கள் அவர்களுக்குப் பயன்படலாம்.

இந்த வேண்டுகோளை முதலில் என் வகுப்பில் வைத்தேன். ‘கலுங்கு’ சொன்ன மாணவி தன் அப்பத்தாவிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றில் அகராதியில் நான் காணாத சொற்கள் பதினொன்று இருந்தன. அவள் ஊர்க் கண்மாய் சென்ற ஆண்டு கலுங்கு பாயவில்லை. இந்த ஆண்டு பாய்ந்தால் பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வாய்ப்பிருந்தால் நாம் அனைவருமே செல்வோம்.